பத்தாண்டின் சிறந்தவர் யார்? ஆளுக்கொரு பதில் வருவது ஏன்

2019 டிசம்பர் இறுதியில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் பத்தாண்டின் சிறந்த வீரராகக் கூடைப்பந்தின் லெப்ரான் ஜேம்ஸையும், வீராங்கனையாக டென்னிஸின் செரீனா வில்லியம்ஸையும் அறிவித்தது. ஓராண்டு கழித்து, 2020 டிசம்பர் 28 அன்று, ஐசிசி தன் பங்குக்கு விராட் கோலியையும் எலிஸ் பெர்ரியையும் பத்தாண்டின் சிறந்த கிரிக்கெட்டர்கள் என்றது. இசையிலும் இதே குழப்பம்தான். அமெரிக்க இசை இதழான பில்போர்டின் கணக்கில் 2010-களில் முதலிடம் பெற்ற ஆல்பம் அடேலின் '21'. பிட்ச்ஃபோர்க் இதழுக்கோ ஃபிராங்க் ஓஷனின் 'பிளாண்ட்'. ரோலிங் ஸ்டோன் இதழ் கான்யே வெஸ்ட் ஆல்பம் ஒன்றுக்கு முதலிடம் கொடுத்தது.

இவற்றில் எது சரி என்று சண்டை போடுவதற்கு முன், ஒவ்வொரு பட்டியலும் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று பார்க்க வேண்டும். பட்டியல் போடுகிறவர்கள் பெயர்களை எடுப்பதற்கு முன்பே நான்கு முடிவுகளை எடுத்துவிடுகிறார்கள்:

1. பத்தாண்டு எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிகிறது.
2. எதை எண்ணுவது: விற்பனையா, கேட்ட தடவையா, பதக்கமா, ரன்னா.
3. எண்ணியவற்றில் எதற்கு எவ்வளவு வெயிட்டேஜ்.
4. கடைசிச் சொல் யாருடையது: கணக்கா, நடுவர்களா, ரசிகர்களா.

முதல் பரிசு யாருக்கு என்பது பெரும்பாலும் இந்த நான்கிலேயே தீர்ந்துவிடுகிறது. முதலாவதுதான் ஆகச் சாதாரணமாகத் தெரியும். ஆட்டத்தையே மாற்றுவதும் அதுதான்.

கத்தி விழும் இடம்

நாட்காட்டியில் பூஜ்ஜியம் ஆண்டு கிடையாது, கி.மு. 1-ஐ அடுத்து கி.பி. 1 வந்துவிடுகிறது. எனவே கண்டிப்பாகக் கணக்குப் பார்ப்பவர்களுக்குப் பத்தாண்டு என்பது 2011 முதல் 2020 வரை. பேச்சு வழக்கில் '2010-கள்' என்றால் 2010 முதல் 2019 வரை. அசோசியேட்டட் பிரஸும் பில்போர்டும் பேச்சு வழக்கைப் பின்பற்றின. ஐசிசி எடுத்துக்கொண்ட காலம் 2011 ஜனவரி 1 முதல் 2020 அக்டோபர் 7 வரை.

ஓராண்டு இப்படி அப்படித் தள்ளினால் என்ன ஆகிவிடும்? சச்சின் டெண்டுல்கர் குவாலியரில் ஆடவர் ஒருநாள் போட்டியின் முதல் இரட்டைச் சதத்தை அடித்தது 2010 பிப்ரவரி 24 அன்று. அதே ஆண்டில் டெஸ்டில் 7 சதங்களோடு 1,562 ரன். அவர் வாழ்நாளின் மிகச் சிறந்த ஆண்டுகளில் ஒன்று, ஐசிசியின் கணக்குக்குள்ளேயே வரவில்லை.

உசேன் போல்ட்டை இரண்டாகப் பிளந்து பார்த்தால் இன்னும் வேடிக்கை. 100 மீட்டரில் 9.58 விநாடி, 200 மீட்டரில் 19.19 விநாடி என்ற உலக சாதனைகள் இரண்டும் 2009 ஆகஸ்டில் பெர்லினில் பிறந்தவை. ஆக, அவருடைய உச்ச வேகம் 2000-களுக்குச் சொந்தம். லண்டன், ரியோ ஒலிம்பிக்குகளின் 6 தங்கங்களும், 11 உலக சாம்பியன்ஷிப் தங்கங்களில் 8-உம் 2010-களுக்குச் சொந்தம். நேரத்தை அளந்தால் ஒரு பத்தாண்டு, பதக்கத்தை அளந்தால் வேறொரு பத்தாண்டு. விஸ்வநாதன் ஆனந்துக்கும் இதே கதி. 2007-இல் மெக்சிகோவில் வென்ற உலகப் பட்டத்தை 2008, 2010, 2012 என மூன்று முறை காத்து, 2013 நவம்பரில் சென்னையில் கார்ல்சனிடம் இழந்தார். ஆறாண்டு ஆட்சியின் நடுவில் கத்தி விழுந்ததால் எந்தப் பத்தாண்டிலும் அவர் முழுதாக இல்லை.

டென்னிஸில் எண்கள் இன்னும் தெளிவாகப் பேசுகின்றன. ஆடவர் ஒற்றையர் கிராண்ட்ஸ்லாம் பட்டங்களை மட்டும் எண்ணுவோம்.

- ஃபெடரர்: 2000–2009-இல் 15, 2010–2019-இல் 5.
- ஜோகோவிச்: 2000–2009-இல் 1, 2010–2019-இல் 15.
- நடால்: 2000–2009-இல் 6, 2010–2019-இல் 13.

முதல் பத்தாண்டு ஃபெடரருக்கு, அடுத்தது ஜோகோவிச்சுக்கு. வாழ்நாளில் 22 பட்டம் வென்ற நடாலுக்கு இரண்டிலுமே முதலிடம் இல்லை. இப்போது கத்தியை ஐந்தாண்டு நகர்த்தி 2005 முதல் 2014 வரை எண்ணுங்கள்: நடால் 14, ஃபெடரர் 13, ஜோகோவிச் 7. ஆட்டம் எதுவும் மாறவில்லை, ஒரு பந்து கூடக் கூடுதலாக அடிக்கப்படவில்லை. ஆனாலும் பத்தாண்டின் சிறந்தவர் மாறிவிட்டார்.

நடால் ரசிகர்களின் மனக்குறைக்கு இந்த ஒரு கணக்கு போதும். இவர்கள் மூவரையும் பத்தாண்டு வைத்து ஒப்பிடுவதே வீண் வேலை என்பது என் கருத்து. முழு ஆட்ட வாழ்வை வைத்துப் பேசுவதுதான் நியாயம்.

வெளியான நாளா, ஒலித்த நாளா?

இசைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பாட்டு வந்த தேதி ஒன்று, அது கேட்கப்பட்ட காலம் வேறு. விமர்சகர்கள் பொதுவாக வெளியீட்டுத் தேதியைப் பார்க்கிறார்கள். விற்பனைப் பட்டியல்களோ எந்த வாரத்தில் காசு விழுந்தது என்று பார்க்கின்றன.

தி வீக்கெண்டின் 'பிளைண்டிங் லைட்ஸ்' 2019 நவம்பரில் வெளியானது. பில்போர்டின் வாராந்தரப் பாடல் பட்டியலான ஹாட் 100-இல் அது மொத்தம் 90 வாரங்கள் தங்கியது. அதில் பெரும்பகுதி 2020-லும் 2021-லும். தேதிப்படி அது 2010-களின் பாட்டு, பட்டியல்படி 2020-களின் பாட்டு.

இதைவிட வியப்பானது 2000-களில் நடந்தது. அமெரிக்காவில் அந்தப் பத்தாண்டில் அதிகம் விற்ற ஆல்பம் பீட்டில்ஸின் '1'. 2000 நவம்பரில் வந்த தொகுப்பு. உள்ளே இருந்த 27 பாடல்களும் 1960-களிலும் 1970-லும் முதலிடம் பிடித்தவை. ஆனால் பில்போர்டின் பத்தாண்டு ஆல்பம் பட்டியலில் முதலிடம் என்சிங்க் குழுவின் 'நோ ஸ்டிரிங்ஸ் அட்டாச்டு'க்கு. 2000 மார்ச்சில் வெளியான முதல் வாரத்திலேயே 24 லட்சம் பிரதிகள் விற்ற ஆல்பம் அது. விற்ற பிரதிகளைக் கூட்டினால் ஒரு விடை. வாராவாரம் பிடித்த இடத்தைக் கூட்டினால் வேறு விடை.

பில்போர்டு கணக்கு எப்படி ஓடுகிறது

பத்தாண்டுப் பட்டியலுக்கு பில்போர்டு பயன்படுத்துவது தலைகீழ்ப் புள்ளி முறை. ஒவ்வொரு வாரமும் பாட்டு இருந்த இடத்துக்குப் புள்ளி. மேலே போகப் போகப் புள்ளி கூடும். முதலிடத்தில் கழித்த வாரத்துக்கே அதிகம். அதன் மேல், பட்டியலின் விதிகள் காலத்துக்குக் காலம் மாறியிருப்பதால் ஒவ்வொரு காலகட்டத்துக்கும் தனி வெயிட்டேஜ் போடப்படுகிறது.

எளிய மாதிரி ஒன்றைக் கையால் போட்டுப் பார்க்கலாம். 101-லிருந்து பிடித்த இடத்தைக் கழித்தால் வருவது அந்த வாரப் புள்ளி என்று வையுங்கள். முதலிடத்துக்கு 100, பத்தாம் இடத்துக்கு 91, ஐம்பதாம் இடத்துக்கு 51.

1. 'அ' என்ற பாட்டு 6 வாரம் முதலிடம், பிறகு 10 வாரம் 50-ஆம் இடம். 600 + 510 = 1,110.
2. 'ஆ' என்ற பாட்டு ஒருபோதும் முதலிடம் தொடவில்லை. 30 வாரம் 10-ஆம் இடத்திலேயே இருந்தது. 91 × 30 = 2,730.
3. 'ஆ' எளிதாக வெல்கிறது. முதலிடத்தின் மதிப்பை 300 புள்ளியாக்கினாலும் 'அ' பெறுவது 2,310-தான்.
4. 400 ஆக்கினால் 'அ' 2,910-க்கு ஏறி முந்திவிடுகிறது.

மூன்றாம் வரிக்கும் நான்காம் வரிக்கும் இடையில் இருப்பது ஓர் ஆசிரியர் குழுவின் முடிவு மட்டுமே. கணக்கு துல்லியமானது, ஆனால் அந்த 300-ஐயோ 400-ஐயோ தேர்ந்தெடுத்தது மனிதர்கள்.

இது புரிந்தால் உண்மையான பட்டியலும் புரியும். 2019-இல் லில் நாஸ் எக்ஸின் 'ஓல்டு டவுன் ரோடு' 19 வாரம் தொடர்ந்து முதலிடத்தில் இருந்தது. பத்தாண்டின் முதல் பாட்டானதோ 14 வாரம் மட்டுமே முதலிடத்தில் இருந்த, மார்க் ரான்சனும் புரூனோ மார்ஸும் சேர்ந்து தந்த 'அப்டவுன் ஃபங்க்'. அது 31 வாரங்கள் முதல் பத்துக்குள் இருந்ததே காரணம். இரண்டாம் இடம் பெற்ற 'பார்ட்டி ராக் ஆன்தம்' முதலிடத்தில் 6 வாரம்தான் இருந்தது. பட்டியலில் தங்கியதோ 68 வாரம். இந்த முறை வெடித்து அடங்கும் பாட்டைவிட ஊறிக் கிடக்கும் பாட்டையே விரும்புகிறது.

எண்ணும் கருவி நடுவழியில் மாறினால்

2010-களைக் கணக்கிடுவதில் மிகப் பெரிய தலைவலி இதுதான். பத்தாண்டின் தொடக்கத்தில் எண்ணப்பட்டதும் முடிவில் எண்ணப்பட்டதும் ஒன்றல்ல.

2012-இல் தென்கொரியப் பாடகர் சையின் 'கங்னம் ஸ்டைல்' ஹாட் 100-இல் 7 வாரம் இரண்டாம் இடத்தில் நின்றது. முதலிடம் கிட்டவே இல்லை. அதே ஆண்டு டிசம்பர் 21 அன்று யூடியூபில் முதன்முதலாக 100 கோடி பார்வைகளைத் தொட்ட வீடியோவும் அதுதான். அப்போது ஹாட் 100 கணக்கில் யூடியூப் பார்வைகள் கிடையாது. 2013 பிப்ரவரியில் சேர்த்தார்கள். சேர்த்த முதல் பட்டியலிலேயே பாவ்வரின் 'ஹார்லெம் ஷேக்' நேராக முதலிடத்தில் வந்து உட்கார்ந்தது. சில மாதம் முந்திப் பிறந்ததுதான் சையின் பாட்டு செய்த தவறு.

ஆல்பங்களுக்கு 2014 டிசம்பரில் விதி மாறியது. ஆல்பத்தின் பாடல்கள் 1,500 முறை ஸ்ட்ரீம் ஆனால் ஓர் ஆல்பம் விற்றதற்குச் சமம். தனிப் பாட்டாக 10 டவுன்லோடு ஆனாலும் அப்படியே. 2018 ஜூலைப் பட்டியலிலிருந்து இதை இரண்டாகப் பிரித்தார்கள்: சந்தா கட்டிக் கேட்டால் 1,250, விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்டால் 3,750.

இதன் விளைவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 பாட்டு உள்ள ஆல்பத்தை முழுதாக 125 முறை ஓடவிட்டால்தான் 1,250 தேறும். 25 பாட்டு இருந்தால் 50 முறை போதும். ட்ரேக்கின் 'ஸ்கார்ப்பியன்' 2018 ஜூன் இறுதியில் 25 பாடல்களோடு வந்தது. அந்த 25-உம் ஒரே வாரத்தில் ஹாட் 100-க்குள் நுழைந்தன. பில்போர்டின் பத்தாண்டுக் கலைஞர் பட்டியலில் ட்ரேக் முதலிடம் பெற்றதற்கு அவருடைய உழைப்பும் வரவேற்பும் காரணம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நீளமான ஆல்பத்துக்கு இந்த விதி தரும் சலுகையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 2011-இல் வந்த அடேலின் '21' அத்தகைய சலுகை இல்லாத காலத்தில் வெளியாகி, 24 வாரம் முதலிடத்தில் இருந்தது. அந்த ஆல்பத்தின் மேல் எனக்கு மதிப்பு கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தமிழ்ப் பாட்டுக்கு அளவுகோல் எங்கே?

2010-களில் தமிழ்ப் பாடல்களுக்கு விற்பனை, வானொலி, ஸ்ட்ரீமிங் எல்லாவற்றையும் சேர்த்து வாராவாரம் எண்ணும் பொதுப் பட்டியல் இல்லை. பில்போர்டின் இந்தியப் பாடல் பட்டியலே 2022 பிப்ரவரியில்தான் வந்தது. எனவே 'பத்தாண்டின் சிறந்த தமிழ்ப் பாடல்கள்' என்று வருபவற்றில் பெரும்பாலானவை யூடியூப் வியூஸை நம்பியவை. அதில் உள்ள கோளாறுகள்:

1. இணைய வசதி. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தது. அதற்கு முன் வந்த பாட்டு மெமரி கார்டிலும் புளூடூத்திலும் பண்பலையிலும் காலர் டியூனிலும் பரவியது. எதுவும் வியூஸில் சேராது. ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்ததே 2019 பிப்ரவரியில்.

2. எண்ணிய நாள். 'கொலவெறி' 2011 நவம்பர் 16 அன்று வெளியாகி நாடு முழுக்கப் பரவியது. 'ரவுடி பேபி' வீடியோ 2019 ஜனவரியில் வந்தது. 100 கோடி வியூஸைத் தொட்டது 2020 நவம்பர் 16 அன்று, 'கொலவெறி'யின் ஒன்பதாம் ஆண்டு நாளில். இரண்டிலும் தனுஷின் குரல் இருப்பதால் ஒப்பிடத் தூண்டும். ஆனால் ஏழாண்டு பிந்தி வந்த பாட்டு முந்திக்கொண்டதில் பாட்டின் பங்கு எவ்வளவு, மலிவான டேட்டாவின் பங்கு எவ்வளவு என்று இந்த எண்ணிலிருந்து பிரிக்கவே முடியாது.

3. பிரிந்து கிடக்கும் கணக்கு. படம் வருவதற்கு முன் லிரிக் வீடியோ, வந்த பின் வீடியோ சாங், தனியாக ஜூக்பாக்ஸ். ஒரே பாட்டுக்கு மூன்று எண்கள். ஒருவர் ஒன்றை மட்டும் எடுப்பார், இன்னொருவர் மூன்றையும் கூட்டுவார்.

4. காசு கொடுத்த பார்வை. 2019 ஜூலையில் பாட்ஷாவின் 'பாகல்' 24 மணி நேரத்தில் 7.5 கோடி பார்வை பெற்றதாகச் சொல்லப்பட்டபோது, விளம்பரமாக ஓடிய பார்வைகளும் அதில் உண்டு என்பது பேச்சானது. செப்டம்பரில் யூடியூப் தன் இசைப் பட்டியல்களிலிருந்தும் 24 மணி நேரச் சாதனைகளிலிருந்தும் விளம்பரப் பார்வைகளை நீக்கியது.

மாற்று வழி இருக்கிறது. மொத்த வியூஸை விட்டுவிட்டு, ஒவ்வொரு பாட்டையும் அது வந்த ஆண்டின் மற்ற பாட்டுகளோடு மட்டும் ஒப்பிட வேண்டும். 2011-இல் வந்தவற்றில் அது எத்தனையாவது, 2018-இல் வந்தவற்றில் இது எத்தனையாவது என்று பார்த்து, ஆண்டுக்கு முதல் பத்தை எடுத்தால் நூறு பாட்டு கிடைக்கும். அந்த நூறிலிருந்து தேர்வதைக் காதும் ரசனையும் பார்த்துக்கொள்ளும்.

ஓட்டுப் போடுபவர் யார்

விளையாட்டுப் பட்டியல்களில் இறுதி முடிவு பெரும்பாலும் வாக்கெடுப்புதான். ஐசிசி விருதில் ரசிகர்கள் லட்சக்கணக்கில் ஓட்டுப் போட்டாலும் அவர்களுக்கு வெயிட்டேஜ் 10 சதவீதம். மீதி 90 சதவீதம் ஊடகத்தினரும் முன்னாள் வீரர்களும் அடங்கிய வாக்குக் குழுவுக்கு. ஆகவே 'இந்திய ரசிகர் கூட்டம் கோலியை ஜெயிக்க வைத்துவிட்டது' என்ற புகாருக்கு இந்த விதியே பதில்.

அதே சமயம் வெற்றியாளர்களுக்காகச் சொல்லப்படும் எண்களையும் கவனித்துப் படிக்க வேண்டும். கோலி அந்தக் காலத்தில் மூன்று வடிவங்களிலும் சேர்த்து 66 சதம், 94 அரைசதம் அடித்தார். சராசரி 56.97, அதுவே அதிகம் என்று சொல்லும்போது 'குறைந்தது 70 இன்னிங்ஸ் ஆடியவர்களில்' என்ற வரம்பு கூடவே வரும். டெஸ்ட் விருது பெற்ற ஸ்டீவ் ஸ்மித்தின் 65.79 சராசரியும் அப்படித்தான், அதிக ரன் குவித்த முதல் 50 பேருக்குள். வரம்பு இல்லாமல் சராசரியைப் பேசினால் நான்கு இன்னிங்ஸ் ஆடியவர் கூட மேலே வந்துவிடுவார் என்பதால் அது தேவைதான். ஆனால் வரம்பை 70-இல் வைப்பதா 100-இல் வைப்பதா என்பதும் ஒரு தேர்வு.

டி20 விருது ரஷீத் கானுக்குப் போனது இதற்கு நேர் எதிர்க்கோணம். 2015 அக்டோபரில்தான் அவர் அறிமுகமானார். பத்தாண்டில் பாதிதான் ஆடினார். 89 விக்கெட், சராசரி 12.62. இங்கே நீண்ட காலம் ஆடியதைவிடத் தரம் வென்றது. டெஸ்ட் அணியைத் தேர்ந்தபோது 2015 ஆகஸ்டிலேயே ஓய்வு பெற்ற குமார் சங்கக்கார விக்கெட் கீப்பராக இடம் பெற்றதும் அதே தர்க்கம்தான். அந்த அணியின் ஒரே சுழற்பந்து வீச்சாளர் ரவிச்சந்திரன் அஸ்வின்.

பட்டியல் நீங்களே போடுவதென்றால்

1. பெயரை யோசிக்கும் முன் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி இரண்டையும் எழுதி வைக்கவும். பெயர் மனதில் வந்தபின் தேதி வைத்தால் கை தானாகவே அவருக்குச் சாதகமாகப் போகும்.

2. தேதியை இரண்டு ஆண்டு முன்னும் பின்னும் நகர்த்தி மறுபடி எண்ணவும். முதலிடம் மாறாவிட்டால் பட்டியல் உறுதியானது. மாறினால் அதையும் சேர்த்தே சொல்லவும்.

3. உச்சம், நீட்சி இரண்டையும் தனித்தனி வரிசையாகப் போடவும். மிகச் சிறந்த மூன்றாண்டு ஒன்று, முழுப் பத்தாண்டு ஒன்று. இரண்டையும் ஒரே எண்ணில் கலந்தால் எது எதை இழுத்தது என்று பிறகு தெரியாது.

4. பந்து வீச்சாளரையும் ஓட்டக்காரரையும் ஒரே வரிசையில் நிறுத்த வேண்டுமானால், ஒவ்வொருவரும் தத்தம் துறையில் இரண்டாம் இடத்தவரைவிட எவ்வளவு முந்தி நின்றார் என்பதை ஒப்பிடவும். லெப்ரானின் தொடர்ச்சியான 8 இறுதிச் சுற்றுகளையும் செரீனாவின் 12 கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டங்களையும் நேரடியாக ஒப்பிட வேறு வழி இல்லை.

5. பத்தாண்டு முடிந்து ஓராண்டாவது காத்திருக்கவும். டிசம்பரில் அவசரமாகப் போடும் பட்டியலில் கடைசி ஆண்டில் வந்தவர்கள் ஒன்று அளவுக்கு மீறி உயர்வார்கள் அல்லது அடியோடு விடுபடுவார்கள்.

விளையாட்டில் மட்டும் பட்டியல் பின்னால் மாறும்

ஓர் ஆல்பத்தின் விற்பனையை யாரும் பத்தாண்டு கழித்துப் பறிப்பதில்லை. பதக்கத்தைப் பறிப்பார்கள். 2009 டிசம்பரில் அசோசியேட்டட் பிரஸ் 2000-களின் சிறந்த விளையாட்டு வீரரைத் தேர்ந்தபோது மொத்தம் 142 ஓட்டு. டைகர் வுட்ஸ் 56, லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் 33, ரோஜர் ஃபெடரர் 25. வுட்ஸ் அந்தப் பத்தாண்டில் கோல்ஃபின் மிகப் பெரிய போட்டிகளான மேஜர்களில் 12 பட்டங்கள் வென்றவர். ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு ஓட்டு வாங்கித் தந்தவை 2000 முதல் 2005 வரை டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் வென்ற 6 பட்டங்கள். 1999-ஐயும் சேர்த்து அவர் வென்ற ஏழும் ஊக்கமருந்து விசாரணைக்குப் பின் 2012-இல் பறிக்கப்பட்டன. இன்று அந்தப் பட்டியலை எடுத்தால் இரண்டாம் இடத்தில், அந்தப் பத்தாண்டின் டூர் பட்டம் ஒன்று கூடக் கையில் இல்லாத ஒருவர் நிற்கிறார்.

தன் தவறு இல்லாமலும் இது நடக்கும். 2008 பெய்ஜிங் தொடர் ஓட்டத்தில் ஜமைக்கா அணியில் ஓடிய நெஸ்டா கார்ட்டரின் மாதிரி மறுபரிசோதனையில் சிக்கியதால், 2017 ஜனவரியில் உசேன் போல்ட்டின் தங்கமும் போனது. ஓட்டம் முடிந்து எட்டாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. ஒலிம்பிக் மாதிரிகளைப் பத்தாண்டு வரை சேமித்து வைத்து, புதிய சோதனை முறைகள் வரும்போது மறுபடி பார்க்கிறார்கள். 2024 பாரிஸ் மாதிரிகளுக்கு அந்தக் கெடு 2034. 2020-களின் சிறந்த வீரர்கள் பட்டியல் 2029 டிசம்பரிலேயே வந்துவிடும்.